கைக்கடிகாரத்தின் கண்ணாடி

ஜித்ரா பக்கத்தில் பால்மரம் வெட்டியே ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சேமநிதிப் பணத்தில் ராடோ கைக்கடிகாரம் ஒன்று வாங்கினார். பெரட்டுக்கு இனி எழ வேண்டியதில்லை. ஆனாலும் மணி பார்க்கும் பழக்கம் போகுமா? பத்து ஆண்டுகள் கழித்து ஒருநாள் அது சிமெண்டுத் தரையில் விழுந்து, கண்ணாடி விரிசல் விட்டது. ஒரு கடையில் கொடுத்து மாற்றினார். மூன்றே மாதத்தில் புதுக் கண்ணாடி முழுக்கக் கீறல். மழை நாளில் உள்ளே ஆவி வேறு படிந்தது. "பழசு பத்து வருசமா கீறவே இல்லையே, வாத்தியாரே!" என்றார். அதற்கு விடைதான் இந்தப் பேச்சு.

கடிகாரக் கண்ணாடியில் பொதுவாக மூன்று வகை உண்டு. ஒன்று அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். எளிதில் கீறும், ஆனால் சில்லுச் சில்லாக நொறுங்காது. 1969இல் சந்திரனுக்குப் போன வீரர்களின் ஒமேகா கடிகாரங்களில் இருந்தது இதுதான். லேசான கீறலைப் பற்பசை தொட்டுத் துணியால் தேய்த்தே போக்கலாம். தின்னர் மட்டும் படக்கூடாது. இரண்டாவது, வழக்கமான கண்ணாடி.

மூன்றாவது நீலமணிக் கண்ணாடி. நிறம் தேடாதீர்கள், தெளிந்த நீர்போல இருக்கும். நீலக்கல்லும் இதுவும் ஒரே பொருள்தான்: அலுமினிய ஆக்சைடு. இத்தகைய கற்களை உருக்கி வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தவர் பிரெஞ்சு அறிஞர் வெர்னேய். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, நீலமணி 9, மணலிலுள்ள படிகக்கல் 7, வழக்கமான கண்ணாடி ஏறத்தாழ 5½. தூசியில் மணல் உண்டல்லவா? அது கண்ணாடியைக் கீறும், நீலமணியைக் கீறாது. 1962இல் வந்த ராடோ டயஸ்டார் பெயர் வாங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. பெரியவருக்குப் போட்டுக் கொடுத்ததோ இரண்டாம் வகை.

கீறாது என்பதால் உடையாது என்று எண்ண வேண்டாம். ஓங்கி அடிபட்டால் நீலமணியும் உடையும். உடைந்ததைக் கையில் கட்டாதீர்கள், சாவியும் கொடுக்காதீர்கள். துகள் முகப்பைக் கீறும், இயந்திரத்துக்குள்ளும் போகும். துணியில் சுற்றிக் கொண்டுபோய், எந்த வகைக் கண்ணாடி போடுவார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஓரத்தில் நீர் புகாமல் தடுக்கும் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஆவி படிந்தது அந்த வழியாகத்தான். பழைய கண்ணாடியையும் கேட்டு வாங்குங்கள். பெரியவர் கேட்கவில்லை, அதனால் கடையில் போய்ப் பேச அவர் கையில் சான்று எதுவும் இல்லை.

இம்முறை அலோர்ஸ்டாருக்குப் போகிறார். ரசீதில் எழுத வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.