பாட்டியின் கைவேலை: பெயர் எழுதி வைப்போம்

(நமது கிளையின் நவராத்திரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பெரியவர்கள் தம் கையால் செய்து வைத்துப்போன பொருள்களைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். அடியேன் ரசாயனம் படித்த பி.எஸ்ஸி. 35 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். கலை விமர்சனம் எனக்குத் தெரியாது. இந்தப் பொருள்கள் ஏன் கெடுகின்றன, ஏன் காணாமல் போகின்றன என்பதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

எங்கள் பூர்வீகம் கும்பகோணம் பக்கம். அப்பாவுக்கு நாக்பூரில் வேலை ஆனதும் பாட்டியும் கூடவே வந்துவிட்டாள். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது, பள்ளிக்கூடம் போனதில்லை. மத்தியானம் அடுப்படி வேலை ஆனதும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். "கை சும்மா இருக்கப்படாது" என்பாள். அவள் செய்தவற்றில் எங்களிடம் இன்று இருப்பவை மூன்று. நடுவில் 'நல்வரவு' என்ற எழுத்தும் இரு பக்கமும் கிளியும் வைத்துக் கோர்த்த மணித் தோரணம் ஒன்று. காகிதக் கூழில் செய்த கூடை ஒன்று. மரப்பாச்சி ஜோடிக்குப் பழைய பட்டுப்புடவையைக் கிழித்துத் தைத்த உடுப்பு ஒன்று.

அந்தக் கூடையைப் பாருங்கள். பழைய பேப்பரைக் கிழித்து நாலு நாள் ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து இடித்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பி வெயிலில் காயவைப்பாள். கல்லூரியில் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது: வெந்தயத்தில் காலக்டோமன்னன் என்ற பிசின் இருக்கிறது. காய்ந்ததும் அது காகித நார்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது, அளவு தெரியும். எங்கள் வீட்டில் அந்தக் கூடையில் இன்றும் அப்பளம் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் உறவில் ஒரு குடும்பம் பெரிய வீட்டை விட்டு ஃப்ளாட்டுக்கு மாறியது. பாட்டியின் தங்கை செய்த மணி வேலைகள் இருந்த டிரங்குப் பெட்டி பழைய சாமான்காரனிடம் எடை போட்டுப் போய்விட்டது. பெட்டி இரும்பு என்பதால் அதற்கு மட்டும் விலை. அந்த வீட்டு மருமகளை நான் குறை சொல்ல மாட்டேன். அது யார் செய்தது என்று அவளிடம் யாருமே சொன்னதில்லை. ஒரு துண்டுக் காகிதம் உள்ளே இருந்திருந்தால் அவள் கை அதைப் போட்டிருக்காது.

பூச்சியும் ஈரமும் அழிப்பதைவிட, யார் செய்தது என்று தெரியாமல் அழிவதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பாட்டிமார்கள் கையெழுத்துப் போடவில்லை. என் தாத்தாவின் பெயர் நிலப் பத்திரத்தில் இருக்கிறது. அப்பாவின் பெயர் பென்ஷன் காகிதத்தில் இருக்கிறது. என் பாட்டியின் பெயர் எந்த ஃபைலிலும் இல்லை. அவள் வாழ்ந்ததற்கு அத்தாட்சி இந்த மூன்று பொருள்கள்தான்.

ஆகவே செய்ய வேண்டியது சுலபம். ஒரு அட்டையில் பென்சிலால் ஐந்து வரி எழுதுங்கள்: செய்தவர் பெயர், என்ன உறவு, ஊர், சுமாராக எந்த வருஷம், எதற்காகச் செய்தது. தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுங்கள். பேரன் பேத்திகளில் பலருக்குத் தமிழ் படிக்க வருவதில்லை. அட்டையைப் பசையாலோ செல்லோ டேப்பாலோ ஒட்டாமல் நூலால் கட்டுங்கள். ஒரு போட்டோ எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.

பராமரிப்புக்கும் சில குறிப்புகள். கண்ணாடி மணி மக்காது. மக்குவது உள்ளே ஓடும் பருத்தி நூல். அதனால் நேர் வெயில் படும் வாசலில் நிரந்தரமாகத் தொங்கவிடாதீர்கள். மறுபடி கோர்க்க நேர்ந்தால் முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கோருங்கள். ஜரிகை கறுப்பது, அதிலுள்ள வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்வதால். அதைத் தேய்த்தால் மேல்பூச்சும் போய்விடும். பட்டை நியூஸ் பேப்பரில் சுற்றாதீர்கள், அதிலுள்ள அமிலம் கறை ஏற்றும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சாளம் பிடிக்கும். கஞ்சி போடாத, துவைத்த பழைய வேஷ்டித் துணி போதும். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாற்றுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளும், 75 வருஷத்துக்கு மேற்பட்ட மதிப்புவாய்ந்த கையெழுத்துச் சுவடியும் தொல்பொருளாகும். அவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பழமையில் சந்தேகம் இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. சூட்கேஸில் வைத்த பிறகு விமான நிலையத்தில் சங்கடப்பட வேண்டாம்.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் உண்டு. அம்மா காலமான பின் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். விலை போட்டுப் பங்கிடவில்லை. யார் வீட்டில் உபயோகப்படுமோ அங்கே என்று முடிவு செய்தோம். கொலு வைக்கும் தங்கைக்கு மரப்பாச்சியும் உடுப்பும், தோரணம் பெங்களூரில் இருக்கும் அண்ணாவுக்கு, கூடை எங்களுக்கு. மூவரிடமும் மூன்று பொருள்களின் போட்டோவும் குறிப்பும் இருக்கின்றன.

இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கொலு எடுத்து வைப்பதற்குள் ஒரே ஒரு பொருளுக்காவது அந்த ஐந்து வரியை எழுதிவிட வேண்டும். வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இன்று சாயந்திரமே கேட்டுவிடுங்கள்.