வயிறு நிறைந்தால் போதுமா?



சோறு தின்கிறோம், ஆனாலும் சோகை பிடிக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. வயிற்றுப் பட்டினி தெரியும்; இரும்புச்சத்துப் பட்டினி தெரியாது. மூச்சு வாங்கும், தலை சுற்றும். "வேலைக்கள்ளி" என்பான் மேஸ்திரி.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் ஒரு கணக்குப் போட்டது. நாளைக்கு 2,000 கலோரி உண்பவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி. பருப்பு, முட்டை, மாமிச வகையில் 85 கிராம். நாற்று நடுகிறவருக்கு இதற்கு மேலும் வேண்டும்.

ரேஷன் அரிசி இலவசம். பெரிய காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 2007-ல் வந்த சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம்! எண்பத்தைந்து எங்கே, எட்டு எங்கே? மீதியைக் கடையில் வாங்கக் கூலி இடம் கொடுக்கிறதா?

"சத்தாகச் சாப்பிடு" என்று புத்தி சொல்வது சுலபம். 2022-ல் சத்தான உணவுக்கு வசதியற்றவர்கள் உலகில் சுமார் 280 கோடி என்று ஐ.நா. அமைப்புகளே எழுதின. அத்தனை பேருக்குமா புத்தியில்லை?

கைக்கு எட்டுவதையும் விட வேண்டாம். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, நிலக்கடலை; கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். டீக்கடைக்காரர் கோபித்தாலும் சரி, ஒரு மணி நேரம் கழித்தே போங்கள். கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணுக்கும் குழம்பில் பருப்பு மிஞ்ச வேண்டும்.

ரேஷன் பருப்பை உயர்த்து. நீலகிரி, தருமபுரியில் 2023-ல் கொடுக்கத் தொடங்கிய கேழ்வரகை எல்லா மாவட்டத்துக்கும் கொடு! கிராமசபையிலும் சங்கக் கூட்டத்திலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.