தகவலாளர் அல்லர், ஆசிரியர்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மூத்த ஆய்வாளர்கள் வந்து பேசுவது வழக்கம். இந்த ஆண்டு ஒரு மிருதங்க மாணவனை அழைத்திருக்கிறீர்கள். ஆகவே கோட்பாடு பேசப் போவதில்லை. பல்கலைக்கழக இசைத்துறையில் படித்தபோது ஒரே ஒரு சொல்லுக்காக நான் போட்ட சண்டையைச் சொல்கிறேன்.

என் அப்பா பறையடித்தவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். கூலி பேச முடியாது. ஒருநாள் அப்பாவும் கூட்டாளிகளும், 'இனி ஊர்ச்சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்றார்கள். மறுநாளே வயல்வேலை நின்றது. அவர்கள் இறங்கிப் போகவில்லை. பறை பரணில் ஏறியது. இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய வீட்டுக் கதையும் இதுதான். கட்டாயத் தொழிலென்று பறையை விட்டெறிந்ததும் விடுதலைதான். நம் கருவியென்று மேடையில் அதை ஏந்துவதும் விடுதலைதான். யார் கட்டளைக்கு அடிக்கிறோம் என்பதே கேள்வி.

இசைத்துறையில் முதல் வகுப்பு. ஒவ்வொருவரும் தங்கள் குருவின் பெயரைச் சொன்னார்கள். நான் 'அப்பா' என்றேன். என்ன வாத்தியம் என்றார்கள். பறை என்றேன். யாரும் திட்டவில்லை. 'அது சரி, முறையாக யாரிடம் கற்றீர்கள்?' என்று மட்டும் கேட்டார்கள்.

தா, தி, தொம், நம் என்று பாடம் தொடங்கியது. எனக்கு அது பிடித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9 என்று கணக்குப் புரியப் புரிய, அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. ஒரு கையில் கட்டையான அடிக்குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. அவர் அடித்த அடிகளில் ஒன்று, நான் அன்று படித்த திஸ்ர நடையிலேயே ஓடியது. அவர் எண்ணியதில்லை, தவறியதுமில்லை. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் பறையை வைக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

வாய்மொழித் தேர்வில் மிருதங்கத்தின் அமைப்பைக் கேட்டார்கள். பலாமரக் கட்டை, வலந்தலை, இடந்தலை, வலந்தலையில் சோறும் கல்பொடியும் பிசைந்து வைக்கும் கரணை என்று சொல்லிவந்தேன். தோலுக்கு வந்தபோது மாடு, ஆடு, எருமை என்றேன். 'அதெல்லாம் இங்கே வேண்டாம்' என்றார் தேர்வாளர். நாதம் வேண்டும், அது பிறக்கும் தோலின் பெயர் வேண்டாம். அந்தத் தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, சுருதி சேரும்வரை வார் இழுப்பவரின் பெயரும் வேண்டாம்.

2020இல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கு தந்து, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. தேர்வு அறையில் நான் கேட்டது தனியொருவரின் குரல் அல்ல என்று அப்போது விளங்கியது.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் பறையின் அடிகளைத் தாளக்குறிப்பில் எழுத முடிவு செய்தேன். அப்பாவிடம் தயங்கித்தான் கேட்டேன். பரணைப் பார்த்தார். "சாவுக்குன்னா தொடமாட்டேன் தம்பி. படிப்புக்குன்னா அடிக்கிறேன். ஆனா யாரு சொல்லிக்கொடுத்ததுன்னு கேட்டா, எம் பேரப் போடு" என்றார். தீ மூட்டித் தோலைக் காய்ச்சினார். மூன்று நாள் அடித்தார், நான் எழுதினேன்.

ஆய்வேட்டில் 'ஆசிரியர்' என்று அவர் பெயரைப் போட்டேன். துறையில் அதை அடித்துவிட்டு 'தகவலாளர்' என்று எழுதினார்கள். பட்டம் இல்லாதவரை ஆசிரியர் என்று போட விதியில்லையாம். எத்தனையோ முறை அலைந்தேன். கடைசியில் நன்றியுரையில் 'என் ஆசிரியர்' என்று அச்சானது. பின்னிணைப்பில் 'தகவலாளர்' அப்படியே நின்றது. பாதி வெற்றி என்று நண்பர்கள் சொன்னார்கள். அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ரெண்டு எடத்துல ரெண்டு பேரா?" என்றார். என்னிடம் பதிலில்லை.

தோழர்களே, அறிவு நம்முடையது. அதை எழுதுகிறவர் அறிஞர், தருகிறவர் தகவலாளர். இசையில் மட்டுமல்ல, மருத்துவம், விதை, கதைப்பாடல் எல்லாவற்றிலும் இந்தப் பங்கீடு நடக்கிறது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ந்தோம். விருது ஒருநாள் நிகழ்ச்சி. வகுப்பறை அன்றாடம் நடப்பது. அங்கே பறையடிப்பவரும் மிருதங்கம் செய்பவரும் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களாக உட்கார வேண்டும். அதுவரை, ஆய்வு செய்யும் மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரை ஆசிரியர் என்றே எழுதுங்கள். அடித்தால், மறுபடி எழுதுங்கள்.

ஜெய்பீம்.