காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கால் கழுவிய ஈரம் காயும் முன்னமே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம். புற்றுநோய் வந்தவரை வீட்டில் வைத்து எப்படிப் பார்ப்பது என்பதே இன்றைய பேச்சு.

நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கு அதிகமாக வருவது மார்புப் புற்றுநோய். இரண்டையும் நம் லயங்களில் கண்டிருக்கிறோம். மகரகமைக்கோ, கண்டிக்கோ, பதுளைக்கோ போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாட்கள்தான். மிச்ச நாட்கள் முழுவதும் லயக் காம்பராவில் உங்கள் கையில்தான். அந்த நாட்களில் தாதியும் நீங்கள்தான்.

எங்களால் மறக்க முடியாத ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் நாலு பிள்ளைகளைப் பெற்ற அம்மா ஒருவர். மார்பில் கட்டி. மூன்று முறை கீமோ ஏற்றியாயிற்று. கட்டி சுருங்கி வருகிறது என்று வைத்தியரே சொல்லியிருந்தார். மூன்றாவது முறை ஏற்றிய பத்தாம் நாள், சனிக்கிழமை ராத்திரி, குளிரும் காய்ச்சலும் வந்தது. "விடிஞ்சதும் பாப்போம்" என்று வீட்டார் பனடோல் கொடுத்தார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. ஞாயிறு முழுவதும் கொத்தமல்லித் தண்ணி. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது அவருக்கு நினைவு இல்லை. அந்த அம்மா திரும்பி வரவில்லை. "புத்துநோய் கொண்டு போயிருச்சு" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவரைக் கொண்டு போனது புற்றுநோய் அல்ல. அந்த ஒன்றரை நாள் காய்ச்சல். வீட்டார் மீது குற்றமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் சொல்கிறோம்.

காரணத்தைக் கேளுங்கள். களைக்கு அடிக்கிற மருந்து பக்கத்துச் செடியிலும் படுகிறதல்லவா? கீமோவும் அப்படித்தான். வேகமாகப் பெருகுகிற புற்றுநோய்க் கலங்களை அழிக்கிறது. அதோடு உடம்பில் வேகமாகப் பெருகுகிற நல்ல கலங்களையும் அடிக்கிறது. தலைமுடி, வாய், குடல், இரத்தம் இவைகளில்தான் அந்த அடி விழும். இரத்தத்தில் கிருமியோடு போராடுகிற வெண்குருதிக் கலங்கள் குறைந்துவிடும். பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மிகவும் குறைவாக இருக்கும். அப்போது கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்க ஆள் இல்லை. நமக்குச் சாதாரணமான காய்ச்சல் அவருக்குச் சில மணி நேரத்தில் உயிராபத்து ஆகலாம்.

ஆகையால் ஒரு தேர்மோமீட்டர் வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4, அதற்கு மேல் போனால் அந்த நேரமே புறப்பட வேண்டும். குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், பேச்சுத் தடுமாற்றம் வந்தால் காய்ச்சல் காட்டாவிட்டாலும் புறப்படுங்கள். காய்ச்சலை அளக்காமல் பனடோல் கொடுக்க வேண்டாம். அது சூட்டை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. ராத்திரி வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள். அந்த சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் முதல் வார்த்தையாக "இவங்களுக்குக் கீமோ ஏத்தியிருக்கு, இன்ன தேதி" என்று சொல்லி கிளினிக் புத்தகத்தைக் காட்டுங்கள். வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அடுத்தது வாய். கீமோவிலும், வாய்க்கும் கழுத்துக்கும் கரண்ட் வைக்கிறபோதும் வாய் புண்ணாகிவிடும். எச்சில் விழுங்கவே அழுவார்கள். கொதித்தாறிய தண்ணீர் நாலு கோப்பையில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். விழுங்கக் கூடாது. தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். மெதுவான பிரஷ்ஷால் பல் துலக்க வேண்டும். கரியும் உமியும் வேண்டாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு, சாராயம் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. "புகையிலை இல்லாமப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே அறிவித்துவிட்டது.

சாப்பாட்டுக்கு வருவோம். "ஒண்ணும் எறங்கலைங்க" என்பதே நாங்கள் அதிகமாகக் கேட்கிற பேச்சு. மூன்று வேளைத் தட்டு நிறையப் போட்டு வற்புறுத்தாதீர்கள். ஆறு வேளையாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழைந்த சோறும் பருப்பும், அவித்த முட்டை, கஞ்சி, பால், வாழைப்பழம் நல்லது. ரொட்டி என்றால் பருப்புக் குழம்பில் ஊற வைத்துக் கொடுங்கள். வாய்ப்புண் இருக்கும்போது சம்பலும் தேசிக்காயும் வேண்டாம். தாளிக்கிற வாசனையே சிலருக்குக் குமட்டும். அவர்களுக்கு ஆறின சாப்பாடு எளிதாக இறங்கும். வாந்திக்குக் கொடுத்த குளிசையை வாந்தி வந்த பிறகு தேடாமல், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாலும், வழக்கத்தைவிட நாலு தரத்துக்கு மேல் வயிற்றால் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கரண்ட் வைக்கிற இடத்தில் தோல் கறுத்து எரியும். அங்கே எண்ணெய், தைலம், மஞ்சள், சித்தாலேப எதுவும் தடவ வேண்டாம். சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். பஞ்சுத் துணியில் தளர்வான சட்டை போடுங்கள். வைத்தியர் போட்ட கோடுகளை அழிக்காதீர்கள். அந்த அளவைப் பார்த்துத்தான் மறுநாளும் வைப்பார்கள்.

மலை வேலையைப் பற்றியும் கேட்கிறார்கள். மருந்து நடக்கிற காலத்தில் இரத்தம் உறையும் சக்தியும் குறையலாம். அட்டை கடித்தால் இரத்தம் நிற்காது, அந்தப் புண்ணிலும் கிருமி ஏறும். ஆகவே ஈர மலைக்கும், மாட்டுப் பட்டி கூட்டவும், கான் வெட்டவும் நோயாளி போகக் கூடாது. மார்பு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் அந்தப் பக்கத்துக் கையைப் பத்திரமாகப் பார்க்க வேண்டும். பாரக் கூடை, கவ்வாத்துக் கத்தி, முள் கீறல் எல்லாம் கை வீங்கக் காரணமாகும்.

இன்னொரு காரியம் மனதை வருத்துகிறது. ஒரு வீட்டில் நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் வைத்து, பேரப் பிள்ளையையும் கிட்டே விடாமல் வைத்திருந்தார்கள். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல. வெளியிலிருந்து மெஷினில் கரண்ட் வைத்தவரின் உடம்பில் அந்தக் கதிர் தங்காது. பிள்ளை மடியில் படுக்கலாம். ஒரே ஒரு கவனம்: கீமோ ஏற்றிய முதல் இரண்டு நாட்கள் மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும். அதைத் துடைக்கிறவர் கையுறை அல்லது பொலிதீன் பை போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் தொட வேண்டாம். துணியைத் தனியாகத் துவையுங்கள். கக்கூசுக்கு ஒன்றுக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நோயாளியிடம் வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தடிமன், காய்ச்சல் உள்ளவர்தான் தள்ளி நிற்க வேண்டும்.

வலிக்கு மோர்பின் கொடுத்தால், "அது சாகப் போறவங்களுக்குக் குடுக்கிறது" என்று சிலர் ஒளித்து வைக்கிறார்கள். அப்படி இல்லை. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் வலி அடங்கும், தூக்கம் வரும், சாப்பாடும் இறங்கும். மலச்சிக்கல் வரும். அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, முக்கியமான பேச்சு. முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, உடம்பு மெலிகிறது. உடனே "மருந்து ஒத்துக்கல, போதும் விட்டுருவோம்" என்கிறோம். பாதியில் நிறுத்தினால் நோய்தான் மறுபடி தலையெடுக்கும். இந்தக் கஷ்டங்களில் பெரும்பாலானவை மருந்து முடிந்ததும் குறைந்துவிடும். முடியும் சில மாதங்களில் முளைக்கும். தாங்க முடியவில்லையென்றால் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் நாளைத் தள்ளவும் அவரால் முடியும். நாமாகவே நிறுத்தக் கூடாது. பஸ் காசு இல்லாமல் கிளினிக் தவறுகிறது என்றால் வெட்கப்படாமல் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போய்ச் சொல்லுங்கள். லயத்து அயலவர்களும் முறை வைத்து ஒரு நாள் கூடப் போகலாம், ஒரு நேரம் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம். சாவு வீட்டுக்கு லயமே திரண்டு வருகிறது. நோய் வீட்டுக்கும் அப்படி வந்தால் பல சாவுகள் தள்ளிப் போகும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் லயத்தில் கீமோ ஏற்றுகிறவர் யாராவது இருந்தால், அடுத்து ஏற்றுகிற தேதியையும், அதிலிருந்து 14 நாட்களையும் கலண்டரில் கோடு போட்டு வையுங்கள். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.