அரசுப் பணமும் நமது தையல் வகுப்பும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

மதரஸா மாடியில் தொடங்கவிருக்கும் தையல், கணினிப் பயிற்சிக்கு அரசு உதவி கோரலாம் என்று கமிட்டி கருதுகின்றது. நல்ல எண்ணம். சென்ற வாரம் ஜும்ஆவுக்குப் பின் சகோதரர் ஒருவர், "ஹஜ்ரத், உதவி வந்தாலும் நம் முஹல்லாப் பிள்ளைகளை மட்டும்தானே சேர்ப்போம்?" என வினவினார். அதற்கான விடையைச் சபையிலேயே கூறுவது பொருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் தெருப் பிள்ளை ஒருவன் அரசு நிதியில் நடந்த ஒரு பயிற்சி நிலையத்திற்கு விண்ணப்பிக்கச் சென்றான். பெயரைக் கேட்டவர், படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, இடமில்லை என்றார். அவனுக்குப் பின் நின்றவனுக்கு இடம் கிடைத்தது. அன்று மஃரிபுக்குப் பின் ஹவுள் ஓரத்தில் அமர்ந்து அவன் அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கின்றது. எனக்கு அன்று சட்டம் தெரியாது. நாம் ஓதிய கிதாபுகளில் அது இல்லை. தேடிப் படிக்காதது என் குறை.

1950 முதல் நடைமுறையிலுள்ள அரசியல் சாசனத்தின் 29(2)ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையங்களில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கலாகாது என்கின்றது. தொழிற்கல்வியும் கல்விதானே! அந்தப் பிள்ளைக்கு அரணாக நின்றிருக்க வேண்டிய வாசகம் அது. பேட்டை அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திற்கு விண்ணப்பிக்கவே தயங்கும் நம் இளைஞர்களும் இதனை அறிய வேண்டும்.

அதே வாசகம் நாளை நம் மாடிப்படியிலும் நிற்கும். சிறுபான்மையினர் கல்வி நிலையம் அமைத்து நிர்வகிக்க 30ஆம் பிரிவு உரிமை தருவது உண்மையே. ஆயினும் அரசு உதவி பெற்றால் பிறரையும் ஓரளவு சேர்த்தாக வேண்டும் என 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வருபவரை அவர் சம்மதமின்றி மார்க்க வகுப்பில் அமர வைக்கவும் 28(3)ஆம் பிரிவு இடமளிக்காது.

"நமக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டே?" எனலாம். அது பின்தங்கிய நிலையைக் கருதி 2007இல் தமிழக அரசு சட்டமியற்றித் தந்த பங்கு. பங்கு கேட்பது வேறு, கதவையே அடைப்பது வேறு. அரசுப் பணம் நம் பைத்துல்மால் அன்று. பக்கத்துத் தெரு மாரியம்மாளும் தீப்பெட்டி வாங்கும்போது வரி செலுத்துகிறாள். ஜகாத் நிதிக்கு உரியவர் யார் என்பது வரையறுக்கப்பட்டது. ஆகவே அதன் கணக்கை இதனோடு ஒருபோதும் கலக்க வேண்டாம்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் அவர்களைச் சேர்க்கச் சொல்கின்றது. நாமோ வகுப்பை மாடியில் வைக்கின்றோம்! ஊன்றுகோலுடன் வரும் பெண் அந்தக் குறுகிய படியில் எவ்வாறு ஏறுவாள்? கீழே பாத்திரங்கள் அடைந்து கிடக்கும் அறையைக் காலி செய்யுமாறு கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். படிவம் அச்சிடுமுன் இரண்டையும் முடிவு செய்யுங்கள்.