கேள்வித்தாள் காணாத மனிதர்



"புதியவர்களோடு நான் எளிதில் பழகிவிடுவேன்." இந்த வாக்கியம் உங்களுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்? கொஞ்சமும் பொருந்தாது என்றால் ஒன்று, முழுக்கப் பொருந்தும் என்றால் ஐந்து. மனத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்போது ஜவ்வாது மலைக்கு வாருங்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவள் பிறந்த ஊரில் எதிரே வருகிற எல்லோரும் மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா. 'புதியவர்' என்றால் யாரை நினைப்பாள்? புளி வாங்க வரும் வியாபாரியையா, வனத்துறை அதிகாரியையா, வங்கியிலிருந்து வருபவரையா? அவர்கள் முன் அவள் வாய் திறக்கமாட்டாள். அப்படிப் பார்த்தால் எண் ஒன்று. ஆனால் விடுதியில் சேர்ந்தபோது பக்கத்துப் படுக்கைக்காரி அவளுக்கு முன்பின் தெரியாதவள்தான். அடுத்த வாரத்துக்குள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட ஆரம்பித்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால் எண் ஐந்து. இரண்டும் உண்மை. தாள் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும்.

ஆளுமைச் சோதனை என்ற பெயரில் இன்று நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேரும் பெரும்பாலான கேள்வித்தாள்கள் இந்த வகைதான். நம்மைப் பற்றி நாமே சொல்கிறோம். சொன்னதைக் கூட்டிக் கழித்து, நீ இன்னார் என்று நமக்கே திருப்பிச் சொல்கிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கொடுக்கின்றன. மேற்படிப்புக்கு வழிகாட்டும் மையங்கள் கொடுக்கின்றன. கைப்பேசியில் பொழுதுபோக்காகவும் வருகின்றன. "நான் இன்ட்ரோவர்ட்" என்று கல்லூரிப் பிள்ளைகள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வதை இப்போது எங்கும் கேட்கிறோம்.

இதில் இருக்கும் ஈர்ப்பை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. நம் வீடுகளில் பிள்ளைகளிடம் என்ன மார்க் என்று கேட்கிறோம், சாப்பிட்டாயா என்று கேட்கிறோம். எதைக் கண்டால் உனக்குப் பயம், கூட்டத்தில் இருந்தால் உனக்குத் தெம்பா சோர்வா என்று கேட்பவர் எத்தனை பேர்? முதல் முறையாக ஒரு தாள் அதைக் கேட்கிறது. பதினேழு வயதில், தான் பேசாமல் இருப்பது ஒரு குறை இல்லை, அது ஒரு சுபாவம், தன்னைப் போல் உலகில் கோடிப் பேர் உண்டு என்று ஒரு பிள்ளை தெரிந்துகொண்டால் அது பெரிய ஆறுதல். அந்த ஆறுதல் பொய்யில்லை. அதற்காகவே இந்தச் சோதனைகளை முற்றாகத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் இவை பிறந்த காரணம் ஆறுதல் இல்லை. முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்திலும் சாவின் நடுவிலும் மனம் உடைந்துபோன சிப்பாய்கள் ஏராளம். அப்படி உடையக்கூடியவர்களை முன்னதாகவே கண்டுபிடிக்க அமெரிக்க ராணுவம் விரும்பியது. ஒவ்வொருவரையும் மருத்துவர் உட்காரவைத்துப் பேச நேரம் இல்லை. ராபர்ட் உட்வொர்த் என்ற உளவியலாளர், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைத் தொகுத்தார். பரவலாகப் பயன்படுத்துவதற்குள் போர் முடிந்துவிட்டது. தாள் மட்டும் நிலைத்துவிட்டது. செலவு குறைவு, நேரம் குறைவு, முடிவு எண்ணாகக் கிடைக்கும். அலுவலகங்களுக்கு இவை இன்றும் பிடித்திருப்பதன் காரணம் இதுவே.

மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டை அளக்கலாம் என்ற எண்ணத்துக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. அது வானாய்வகத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையின் மேல் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது.

ஆலங்காயத்தைத் தாண்டி மலையேறினால் காவலூர் வானாய்வகம். வைணு பாப்பு என்ற வானியலாளர் தேர்ந்தெடுத்த இடம். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். இன்று அங்கே விண்மீனின் ஒளியைக் கருவி பதிவு செய்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்போ, கண்ணும் காதும்தான் கருவி. தொலைநோக்கியில் ஒரு மெல்லிய கம்பி கட்டியிருப்பார்கள். விண்மீன் அந்தக் கம்பியைக் கடக்கும் கணத்தைக் கண்ணால் பார்த்து, கடிகாரத்தின் டிக் ஒலியைக் காதால் எண்ணி நேரம் குறிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் டேவிட் கின்னிபுரூக் என்ற உதவியாளர் குறித்த நேரம், தலைவர் மாஸ்கெலின் குறித்ததைவிட ஏறக்குறைய 0.8 நொடி பிந்தியே வந்தது. கின்னிபுரூக்கின் வேலை சரியில்லை என்று 1796இல் அவரை அனுப்பிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வானியலாளர் அந்தச் செய்தியைப் படித்து யோசித்தார். தேர்ந்த வானியலாளர்களையே ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் இப்படி ஒரு பிசகு இருந்தது, ஆளுக்கு ஒரு அளவில். கின்னிபுரூக் சோம்பேறியும் இல்லை, கவனக்குறைவானவரும் இல்லை. மனிதர் எல்லோரிடமும் உள்ள வேறுபாட்டை ஒரு மனிதரின் குற்றமாக எழுதி, அவர் பிழைப்பைப் பறித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வானியலாளர்கள் ஒவ்வொருவரின் பிசகையும் கணக்கிட்டுக் கழிக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றும் ஒரு விண்மீனின் ஒளியை அளப்பவர், ஒளி அளவு ஏற்கெனவே திட்டமாகத் தெரிந்த வேறொரு விண்மீனையும் அளந்து ஒப்பிட்டுக்கொள்கிறார். தன்னைப் பற்றித் தானே சொல்லும் சோதனையில் அந்த ஒப்பீட்டு விண்மீன் எங்கே? அளப்பவரும் நாமே, அளக்கப்படுபவரும் நாமே. நான் உழைப்பாளி என்று எழுதும்போது யாரோடு ஒப்பிட்டு எழுதுகிறேன்? விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் சுமந்து, சாமைக் கொல்லையில் களை பறித்து, மாலையில் விறகோடு திரும்பும் தாயைப் பார்த்து வளர்ந்த பெண், தன்னை உழைப்பாளி என்று சொல்லக் கூசி மூன்று போடுவாள். காபி கிளாஸைக்கூடத் தானாகக் கழுவாத நகரத்துப் பையன் தயங்காமல் ஐந்து போடுவான். எண்ணை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அவன்தான் உழைப்பாளி.

இன்னொரு சிக்கல், வந்த முடிவு நமக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க ஆசிரியர் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு தாளில் அவரவர் குணச்சித்திரத்தைத் தந்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகு பார்த்தால் எல்லோர் கையிலும் ஒரே தாள், ஒரே வாசகம். கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தொகுத்த பொதுவான வரிகள். மற்றவர்கள் உங்களை மதிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உள்ளுக்குள் சில நேரம் தயக்கம் வருகிறது என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? படிக்கும்போது "அடடா, என்னையே எழுதியிருக்கிறார்களே" என்று தோன்றுவது, சோதனை சரி என்பதற்குச் சான்று ஆகாது.

உலகில் மிகப் புகழ் பெற்றது மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனை. காதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ் இருவரும் யுங் என்ற உளவியலாளரின் எண்ணங்களை வைத்து உருவாக்கியது. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும். ஆனால் மனிதரில் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். முழு உள்முகமும் இல்லை, முழு வெளிமுகமும் இல்லை. நடுவில் கோடு கிழித்தால், கோட்டுக்கு அருகே நிற்பவர் இன்று இந்தப் பக்கம், அடுத்த மாதம் அந்தப் பக்கம். அதே ஆள் சில வாரங்களில் திரும்ப எழுதும்போது வேறு வகைக்கு மாறிவிடுவதை ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது.

உளவியல் ஆய்வாளர்கள் இதைவிட உறுதியானது என்று கொள்வது ஐந்து பெரும் பண்புகள் என்ற அளவை: புதியதை நாடும் மனம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். இது பல நாடுகளில் சோதித்துப் பார்த்த அளவை. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை பள்ளி, கல்லூரி, நகரம் கண்டவர்களிடம் நடந்தவை. மைக்கேல் கர்வன் என்ற மானிடவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டுக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் போனார்கள். வேட்டை, மீன்பிடிப்பு, சிறு விவசாயம் அவர்கள் வாழ்க்கை. கேள்விகளை அவர்கள் மொழியில் ஆக்கி, வாயால் கேட்டு, 632 பேரிடம் பதில் வாங்கினார்கள். 2013இல் முடிவு வெளிவந்தது. ஐந்து பண்புகள் அங்கே தனித்தனியாகத் தென்படவில்லை. இரண்டு பெரிய குணங்களின் சாயல்தான் தெரிந்தது. ஒன்று, ஊரோடு ஒத்து வாழ்தல். மற்றொன்று, பாடுபட்டு உழைத்தல். கணவனைப் பற்றி மனைவியிடமும் மனைவியைப் பற்றிக் கணவனிடமும் கேட்டுப் பார்த்தபோதும் அந்த ஐந்து கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் மலை ஊர்கள்தான் நினைவுக்கு வந்தன. சிமானே மக்கள் வேறு, ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் வேறு. ஒன்றை மற்றொன்றின் மேல் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆனால் அந்த ஆய்வு எழுப்பும் கேள்வி இங்கேயும் பொருந்தும். விருந்துகளில் கலகலப்பாக இருப்பீர்களா, அருங்காட்சியகம் போகப் பிடிக்குமா என்ற தோரணையில் அமைந்த ஒரு தாள் மலைக்கு வரும்போது எதை அளக்கிறது? திருவிழாவில் ஊரே சேர்ந்து ஆடும் இடத்தில் 'கலகலப்பானவர்' என்று ஒருவரைத் தனியாகப் பிரிப்பது எப்படி? அதிகாரி கையால் வந்த தாளில் 'இல்லை' என்று எழுதுவது மரியாதைக் குறைவு என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடும் பிள்ளையை அந்தத் தாள் என்னவென்று சொல்லும்? மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. கேள்வியே இந்த வாழ்க்கையிலிருந்து பிறக்க வேண்டும்.

இந்த யோசனை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. மைசூரில் எம். வி. கோபாலசுவாமி என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். லண்டனில் படித்துத் திரும்பியவர். மேல்நாட்டு அறிவுத்திறன் சோதனைகளை நம் மக்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்க முயன்றவர். அவரே 1935இல் தம் வீட்டில் ஒரு வானொலி நிலையம் தொடங்கி அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தார். ஆளைச் சோதிக்கும் தாளைப் பற்றி வானொலியில் பேசும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தன்னைப் பற்றித் தான் சொல்வது வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். சிமீன் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. மனத்துக்குள் நடக்கும் கவலை, தன்மேல் உள்ள ஐயம் போன்றவற்றை அவரவரே நன்றாகச் சொல்கிறார்கள். அறிவுக்கூர்மை, கற்பனைத்திறன் போலப் பெருமை சேர்க்கும் குணங்களை நண்பர்களே சரியாகச் சொல்கிறார்கள். இரவில் தூக்கம் வருகிறதா என்று அந்த மலை மாணவியைத்தான் கேட்க வேண்டும். கற்பனைத்திறன் உள்ளவளா என்று விடுதியில் உடன் இருப்பவர்களைக் கேட்க வேண்டும்.

நம் ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியம் இதை அறிந்தே நடக்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூருக்குப் போய் எழுதிவிட்டு வருவார்கள். அங்கும் தன்னைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். பெற்றோர், ஆசிரியர், நண்பர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் எழுதச் சொல்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. குழுவாகத் தடை தாண்டச் சொல்லிப் பார்க்கிறார்கள், நேரில் பேசுகிறார்கள். உளவியலாளர், குழுச் சோதனை அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியாகக் கண்டதை ஒன்றாக வைத்து முடிவு செய்ய ஐந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள். குடிமைப் பணித் தேர்வின் கடைசிக் கட்டத்துக்கும் அதிகாரப்பூர்வப் பெயர் ஆளுமைத் தேர்வுதான், 275 மதிப்பெண். அங்கும் எதிரே மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். திருக்குறளில் தெரிந்து தெளிதல் அதிகாரமும், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்யும் காரியத்தையே உரைகல்லாக வைக்கிறது.

ஆகவே மலையிலும் சமவெளியிலும் உள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கு இப்படி ஒரு தாள் வந்தால், மதிப்பெண்ணை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து, இந்தக் கேள்விக்கு ஏன் இந்தப் பதில் போட்டாய் என்று கேளுங்கள். விடுதிக் காப்பாளரிடமும் கேளுங்கள். ஆள் எடுக்கும் நிறுவனங்களே, தாளின் எண்ணை வைத்து மட்டும் யாரையும் கழித்துவிடாதீர்கள். ஒரு வாரம் வேலை கொடுத்துப் பாருங்கள். இளைஞர்களே, சோதனையை எழுதுங்கள், முடிவைப் படியுங்கள். பிறகு அதை உங்களை நன்றாக அறிந்த இரண்டு பேரிடம் காட்டி, இது நான்தானா என்று கேளுங்கள். அவர்கள் இல்லை என்றால் அதையும் நம்புங்கள்.