மறுமொழி பெறும் எழுத்து



ஆங்கிலத்தைப் பிறமொழியினர்க்குக் கற்பிக்கும் முறைகளை ஆராயக் கூடியுள்ள இக்கருத்தரங்கு, மாணவர் எழுதுவதை யார், எதற்காகப் படிக்கிறார் என்னும் வினாவை முதலில் எடுத்துக்கொள்வது பொருந்தும். பெரும்பாலான வகுப்புகளில் கட்டுரையைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவரும் சிவப்பு மையுடன் பிழை தேடியே படிப்பதால், எழுதப்பட்ட செய்திக்கு மறுமொழி கூறுவார் எவருமில்லை.

இந்நிலைக்கு மாற்றாக, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆறாம் வகுப்பு ஆசிரியை லெஸ்லி ரீட் கையாண்ட முறை உரையாடல் நாட்குறிப்பு எனப்படும். மாணவர் தாம் சொல்ல விரும்புவதை நோட்டில் எழுத, ஆசிரியர் அதே நோட்டில் அதற்குப் பதில் எழுதித் திருப்பித் தருவார். மதிப்பெண் இல்லை, பிழைக்கு அடிக்கோடும் இல்லை. ஜானா ஸ்டேட்டன் முதலிய ஆய்வாளர்கள் ரீடுடன் இணைந்து இம்முறையை ஆராய்ந்து 1988-இல் நூலாக வெளியிட்டனர்.

திருத்தாவிட்டால் பிழை நிலைத்துவிடாதா என்னும் ஐயம் இயல்பானதே. 'எஸ்டர்டே ஐ கோ டு த பார்க்' என்று மாணவர் எழுதினால், ஆசிரியர் அதை அடித்துத் திருத்தாமல், 'ஹூ வென்ட் வித் யூ?' என்று கேட்டு எழுதுகிறார். இறந்தகால வினைவடிவம் இங்கே விதியாக வராமல் விடை வேண்டும் வினாவாக வருகிறது. விடையெழுதும் மாணவர்க்கு, அவ்வடிவம் கண்முன்னே, எடுத்தாளத் தக்க இடத்திலேயே கிடைக்கிறது. நூறு முறை ஒப்பித்த வாய்பாட்டைவிட இத்தகைய ஒரு வினா ஆழமாகப் பதியும் என்பதே இவ்வுரையின் உறுதியான கருத்து.

எழுதுவதும் பேசுவதும் ஏன் இன்றியமையாதன என்பதைக் கனடாவின் மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-இல் விளக்கினார். பிரெஞ்சு வழியில் பல ஆண்டுகள் பாடம் பயின்ற, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகள், கேட்டுப் புரிந்துகொள்வதில் சிறந்திருந்தும், தாமே வாக்கியம் அமைக்கையில் இலக்கணத்தில் தடுமாறினர். கேட்பது மட்டும் போதாது, மொழியைத் தாமே ஆக்கும்போதுதான் தம் குறை தமக்குத் தெரியும் என்னும் அவரது கொள்கை 'வெளியீட்டுக் கருதுகோள்' எனப்படுகிறது.

எழுத்தில் இலக்கணத் திருத்தமே வேண்டாம் என்று ஆய்வாளர் ஜான் ட்ரஸ்காட் 1996-இல் வாதிட, டானா ஃபெரிஸ் 1999-இல் அதை மறுத்தார். திருத்தத்தை அறவே கைவிடுவது தேர்வை எதிர்நோக்கும் மாணவர்க்கு நீதியாகாது. ஆயினும் உரையாடும் நோட்டில் அதற்கு இடமில்லை, அதற்கெனத் தனிப் பயிற்சி உண்டு.

அறுபது பேர் அமரும் வகுப்பில் ஓராசிரியர் நாள்தோறும் அனைவர்க்கும் பதில் எழுத இயலாது என்பதே இம்முறையின் மெய்யான இடர். மாணவரே ஒருவர் நோட்டுக்கு மற்றவர் பதிலெழுத, ஆசிரியர் முறைவைத்துச் சிலர்க்கு மட்டும் எழுதினால் பயன் எவ்வளவு எஞ்சும் என்பதையும், தவறான வடிவங்கள் மாணவரிடையே பரவாமல் காக்கும் வழியையும் இங்கு வந்துள்ள வகுப்பாசிரியர்கள் தத்தம் அனுபவத்தைக் கொண்டு விவாதிக்க வேண்டுமெனத் தலைமை கேட்டுக்கொள்கிறது.